பௌலின் அக்காவின் ளகரம்

1

என்னிடம் நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று இருக்கிறது. காலாவதியாகக்கூடியவற்றை மட்டும் அதில் எழுதி வைப்பேன். வதிவிட அனுமதி, கடவுச்சீட்டு, மகளின் ரயில் அட்டை, வீட்டுக் காப்புறுதி என்று வரிசையாக இருக்கும். கடைசி வரியில் இருப்பது என் அக்காவின் இணைய முகவரி. ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் அதைப் புதுப்பித்துவிட்டு, எதிரே ஒரு சரி அடையாளம் போடுவேன். இந்த ஆண்டு போட்டது பத்தாவது அடையாளம்.

நாங்கள் இருக்கும் சுவிஸ் நகரமான வின்ரத்தூரில் அப்போது காலை 6.55. வெளியே இன்னும் விடியவில்லை. பத்து ஆண்டுகள் ஒரு பெயரை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் காப்பாற்றியிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேநீர் ஊற்றினேன். 7.10க்கு அக்கா கைத்தொலைபேசியில் வீடியோவாக வந்தார். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் அப்போது 11.40.

“தம்பி, என்ட கடையைக் காணேல்ல.”

“எந்தக் கடை அக்கா?”

“இன்ரநெற் கடையடா. அடிச்சால் அப்பிடி ஒரு இடமே இல்லையெண்டு வருதாம். ஞாயிற்றுக்கிழமை கோயில்ல வைச்சு நாலு பேர் சொல்லிட்டினம். நீ இந்த முறை கட்ட மறந்திட்டியோ?”

“இப்ப, கால் மணித்தியாலத்துக்கு முந்தித்தான் புதுப்பிச்சனான். டொமைன் அப்பிடியே இருக்கு.”

“தோமையாரோ? அவர் என்ன செய்தவர்?”

டொமைன் என்ற இணைய முகவரி புனித தோமையாராகிவிட்டது. அக்காவுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டு வருகிறது. கருவி போட்டிருக்கிறார். முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கதைத்தால் முக்கால்வாசி பிடித்துவிடுவார். அவருக்கு அறுபத்தொரு வயது. கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டின் பின்பக்கத்தில் கேக் செய்து விற்கிறார். லவ் கேக், நத்தார் கேக், பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வேதாகமம் போல விரித்து வைத்த வெள்ளைக் கேக் எல்லாம் அவர் கைவேலை. கொழும்பில் இருக்கும் தாய்தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக் அனுப்ப விரும்பும் வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்.

முன்பெல்லாம் தொலைபேசியில்தான் சொல்வார்கள். போன ஆண்டு ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பதினேழாம் திகதிக்குச் சொன்னதை அக்கா இருபத்தேழு என்று கேட்டுவிட்டார். புதுநன்மை முடிந்து பத்தாம் நாள், ஜெபமாலை வரைந்த கேக் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. “இனி ஒருத்தரும் வாயால சொல்ல வேண்டாம். எல்லாம் எழுத்தில வரட்டும்” என்று தொலைபேசி ஓடர்களை நிறுத்தினார். அன்றிலிருந்து கேக் கேட்பதற்கு இருக்கும் ஒரே வாசல் அந்த இணையத்தளம்.

இந்த நத்தாருக்கு அவர் ஒரு படி மேலே போயிருந்தார். புதிய கேக் பெட்டிகள் அச்சடித்து, மூடியில் முகவரியைத் தமிழில் பெரிதாகப் போட்டிருந்தார். அச்சகத்து ஃபாரூக் நானா கைத்தொலைபேசியால் படமெடுக்கும் கறுப்புச் சதுரம் ஒன்றைப் போடுவோம் என்று சொல்லியிருக்கிறார். “கட்டம் கட்டமாய் கறுப்புப் புள்ளி போட்டால் அதை ஆர் நானா வாசிக்கிறது? என்ட பேர் தெரியட்டும்” என்று அக்கா மறுத்துவிட்டார்.

இப்போது பெட்டிகள் வீடு வீடாகப் போய்விட்டன. பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. அடித்தால் கடை இல்லை. டிசம்பர் ஓடர்கள் வரத் தொடங்கும் வாரம் அது. டிசம்பர் ஒன்றைத்தான் அக்கா தன்னுடைய ஆண்டு என்று சொல்வார்.

2

அந்தப் பெயர் எங்களுக்குக் கிடைத்த கதையைச் சொல்லவேண்டும்.

பத்து ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் கொழும்பு போனபோது, அக்காவுக்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுப்பதென்று முடிவு செய்தேன். ஆங்கிலத்தில் பௌலின் என்ற பெயரோடு கேக் என்ற சொல் சேரும் எல்லா முகவரிகளையும் உலகில் எவராவது எடுத்து வைத்திருந்தார்கள். சிலர் கேக் விற்பதற்கு. சிலர், என்னைப் போல ஒருவன் வருவான், அவனிடம் பெயரையே விற்கலாம் என்பதற்கு. புள்ளிக்குப் பின்னால் வரும் ஈற்றுச் சொற்கள் அந்தக் காலத்தில்தான் கட்டுக்கட்டாக வெளிவந்துகொண்டிருந்தன. கடை என்று முடியும் முகவரி வந்தது, நகரங்களின் பெயரில் முடியும் முகவரி வந்தது. எதைப் போட்டுப் பார்த்தாலும் பௌலினுக்கு இடமில்லை.

அப்போதுதான் தமிழ் எழுத்திலேயே பெயர் எடுக்கலாம், புள்ளிக்குப் பின்னாலும் ‘இலங்கை’ என்று தமிழிலேயே முடிக்கலாம் என்று தெரிந்தது. அக்காவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. “நான் வங்கியிலயும் தமிழிலதான் கையெழுத்து வைக்கிறன்” என்றார்.

வெள்ளவத்தையில் காலி வீதியோடு ஒட்டிய கட்டடம் ஒன்றில், இரண்டு ரியூஷன் வகுப்புகளுக்கு நடுவே, இத்தகைய பதிவுகளைச் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் இருந்தது. இரசாயனவியல் வகுப்புக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளை விலக்கிக்கொண்டு மாடியேறினேன். பெயரை நானே என் மடிக்கணினியில் அடித்து, ஒரு முறைக்கு மூன்று முறை சரிபார்த்து, கோப்பாகக் கொண்டுபோயிருந்தேன். அங்கே இருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அய்யா, இதை நான் இஞ்ச திருப்பி அடிச்சுக் குடுக்கட்டா?”

“வேண்டாம், தம்பி. நான் அடிச்சதை அப்பிடியே எடுத்து ஒட்டுங்கோ. ஒரு எழுத்தும் மாறக்கூடாது.”

அவர் அப்படியே செய்தார். ஓர் எழுத்தும் மாறவில்லை.

அதன் பிறகு அந்தச் சிறிய நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. அதை மற்றொன்று வாங்கியது. ஒவ்வொரு தடவையும் புதிய பெயரில், புதிய கடவுச்சொல் கேட்டு மின்னஞ்சல் வரும். எது உண்மை, எது ஏமாற்று என்று பிரித்தறிவதற்கே ஒரு மாலை போய்விடும். ‘உங்கள் முகவரி பறிபோகப் போகிறது, இங்கே ஒப்பமிடுங்கள்’ என்று முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள்கூட வந்தன. நான் எதிலும் ஒப்பமிடவில்லை. கடைசியில் அந்த இடைத்தரகர்களை விட்டுவிட்டு, கொழும்பிலுள்ள பதிவு அலுவலகத்தோடு நேரடியாகவே வைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் செய்த நான், பத்து ஆண்டுகளில் ஒரு தடவைகூட அந்த முகவரியை என் விரலால் அடித்துப் பார்க்கவில்லை. அடிக்கவேண்டிய தேவை வரவில்லை. என் கணினியில் குறித்து வைத்திருந்தேன், தொட்டால் திறக்கும். மற்றவர்களுக்கு நான் அனுப்பிய இணைப்பை அவர்கள் தொட்டார்கள், திறந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் தொட்டேன். அக்காவின் அடுப்பும் மூன்று மாடிக் கல்யாணக் கேக்கும் கண்முன்னே வந்தன.

“எனக்குத் திறக்குது, அக்கா.”

“உனக்குத் திறந்து என்ன பிரயோசனம்? நீயோ கேக் வாங்கப்போறாய்?”

3

இந்த நாட்டில் ஒரு சொல்லின் தலை போனதால் நான் வீட்டையே இழக்கப் பார்த்தவன். வந்து இரண்டாவது ஆண்டு. மைத்துனர் ஒரு மாதம் எங்களோடு தங்க வருகிறார் என்று வீட்டு உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க விரும்பினேன். அறிவித்தலுக்கு ஜெர்மன் மொழியில் ‘அன்க்யுண்டிகுங்’ என்பார்கள். நான் கடிதத்தின் தலைப்பில் முதல் அசையை விட்டுவிட்டேன். மிச்சமிருந்த ‘க்யுண்டிகுங்’ என்ற சொல்லுக்கு, வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன் என்று பொருள். (அந்தச் சொல்லை எந்தத் தமிழ் வீட்டிலும் சிரிக்காமல் உச்சரிக்க முடியாது என்பது வேறு விடயம். மனைவி இன்றுவரை அதைச் சொல்வதில்லை, ‘அந்தக் கடிதம்’ என்றுதான் சொல்வாள்.) ஒரு வாரத்தில் உரிமையாளரிடமிருந்து பதில் வந்தது: உங்கள் முடிவுக்கு வருந்துகிறோம், மூன்று மாதத்தில் சாவியை ஒப்படைக்கவும். ஓர் அசைக்காக ஐந்து படிவங்கள் நிரப்பினேன்.

அதனால் பிற மொழியில் எழுதும் எதையும் நான் நான்கு தடவை பார்ப்பேன். தமிழில், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் விட்டுவிடுவேன். தமிழ் என்னுடையதுதானே என்ற நினைப்பு.

என் மகள் மெலனிக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பதினொரு வயதில் விட்டுவிட்டாள். தமிழ் விளங்கும், கதைப்பாள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் கைத்தொலைபேசியிடம் கொடுத்துவிடுவாள். அது உரக்க வாசிக்கும், இவள் கேட்பாள். அப்படி ஒரு நாள் அக்காவின் இணையத்தளத்தை வாசிக்கவிட்டபோது, தொலைபேசி அக்காவின் பெயரைப் ‘பெ-ள-லின்’ என்று மூன்று துண்டாகச் சொன்னது. மெலனி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அவர் ‘பெ-ள-லின் மாமி’. வீடியோவில் முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவாள். அக்காவுக்குச் சரியாகக் கேட்காததால் அவரும் சிரித்துக்கொண்டே “ஓம் மகள்” என்பார். எனக்குத்தான் மனம் வலிக்கும். சொந்த மாமியின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாத ஒரு பிள்ளையை வளர்த்துவிட்டோமே என்று நினைத்து அவளை ஏசியும் இருக்கிறேன்.

அன்று காலை அவள் காலைச் சாப்பாட்டுப் பாண் துண்டோடு குசினிக்குள் வந்தபோது நேரம் 7.22. அவளுடைய ரயில் 7.51க்கு.

“ஏன் அப்பா முகம் இப்பிடி இருக்கு?”

சொன்னேன். அவள் தன் கைத்தொலைபேசியை எடுத்து, தமிழ் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அக்காவின் முகவரியை அடித்தாள். அப்படி ஓர் இடம் இல்லை என்று வந்தது. பிறகு என் கணினியில் இருந்த முகவரியைப் படியெடுத்து, தன் தொலைபேசிக்கு அனுப்பி, இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றேதான். ஒரு புள்ளி, ஒரு கொம்புகூட வித்தியாசம் இல்லை.

“இது ரெண்டும் ஒண்டுதானே, பிள்ளை.”

“உங்களுக்கு ஒண்டு. பாருங்கோ.”

எழுத்துகளை எண்ணிக் காட்டும் ஒரு பக்கத்தில் இரண்டையும் போட்டாள். அவளுடைய பௌலினை விட என்னுடையதில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருந்தது.

“அப்பா, நீங்கள் ‘பௌ’ அடிக்கேல்ல. ‘பெ’ அடிச்சு, பக்கத்தில ‘ள’ அடிச்சிருக்கிறீங்கள். அது பெ-ள-லின்தான். ஃபோன் சரியாத்தான் வாசிச்சது.”

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளிநாட்டுத் தமிழர் பலரைப் போல நானும் கணினியில் தமிழ் பழகியது பாமினி எழுத்துருவில். அதில் ஔகாரத்துக்குத் தனி விசை கிடையாது. முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் ளகரம். அப்படித்தான் அடிப்போம். ஔகாரக் குறியின் பின்பாதி பார்வைக்கு ள போலவே இருப்பதால் தாளில் அது சரியாகவே வரும். பிறகு எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான புதிய முறை வந்தபோது, பாமினியில் அடித்ததை ஒரு மாற்றியில் போட்டு மாற்றிக்கொண்டோம். மாற்றி அந்த ளகரத்தை ளகரமாகவே மாற்றியது. அது செய்ததில் பிழை இல்லை. நான் எதைக் கொடுத்தேனோ அதைத்தான் அது தந்தது.

“எங்கட சூரிச் மாதிரி, அப்பா. யூ எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளி வைச்சும் எழுதுவினம், புள்ளி இல்லாமல் பக்கத்தில ஈ எழுத்துப் போட்டும் எழுதுவினம். ஆக்களுக்கு ஒரே ஊர். இன்ரநெற்றுக்கு ரெண்டு ஊர்.”

சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே சொன்னாள்: “நான் எத்தினை வருசமா அப்பிடிக் கூப்பிடுறன். நீங்கள்தான் ஏசினீங்கள்.”

7.43க்குக் கதவு சாத்தப்பட்டது.

4

பிழை எதுவென்று தெரிந்தபின் வழி சுலபம் என்றுதான் நினைத்தேன். சரியான பௌலினையும் பதிவு செய்துவிட்டால் முடிந்தது. அன்று எனக்குப் பிற்பகல் வேலை. ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் இருப்புப் பதிவேடு எழுதுகிறேன், ஒரு மணிக்குப் போனால் போதும். பதிவுப் பக்கத்தைத் திறந்து, இந்த முறை புதிய விசைப்பலகையில் ப-வும் ஔகாரமும் சரியாக அடித்தேன்.

‘இந்தப் பெயரைப் பதிவு செய்ய முடியாது’ என்று வந்தது.

வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்!

முன்பென்றால், ஒரு முகவரி யாருடையது என்று எவரும் பார்க்கலாம். உரிமையாளரின் பெயர், வீட்டு இலக்கம் முதலாய் வரும். எனக்கு அது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. பிறகு தனிப்பட்ட விபரங்களைக் காக்கும் சட்டங்கள் வந்து, பெயர்களுக்கெல்லாம் திரை போட்டுவிட்டார்கள். அதை நான் வரவேற்றவன், என் வீட்டு முகவரியும் மறைந்ததே என்று. அன்றைக்கு அந்தத் திரை என் முகத்துக்கு நேரே தொங்கியது. பார்த்தால் ஒன்றும் இல்லை, வெறுமை.

அக்காவிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்துச் சொன்னது என் இரண்டாவது பிழை.

“ரஜனி” என்றார் அக்கா உடனே.

ரஜனி, அக்காவோடு பதினொரு ஆண்டுகள் அதே பின்பக்கத்துக் குசினியில் கேக் செய்தவர். அக்காவின் காது மந்தமானதை முதலில் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். லவ் கேக்குக்கு எவ்வளவு ரோஜாப் பன்னீர் என்பதில் தொடங்கிய ஒரு வாக்குவாதம், வேண்டாத சொற்களில் போய் முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்குப் போய், தனியாகக் கேக் செய்யத் தொடங்கினார். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

“அக்கா, அப்பிடிச் சொல்லாதேங்கோ. எங்களுக்கு ஒண்டும் தெரியாது.”

“அவளின்ட மருமோன் கொம்பியூட்டர் வேலை. எனக்கு என்ட பேரையே எழுதத் தெரியாமப் போயிட்டுதெண்டு சிரிச்சிருப்பாள். நான் போய் வாசல்ல வைச்சுக் கேக்கப்போறன்.”

“நான் முதல்ல காரியாலயத்துக்கு எடுத்துக் கேக்கிறன். அதுமட்டும் பொறுங்கோ.”

“என்ன? கேக்கேல்ல.”

கேட்டது என்றுதான் நினைக்கிறேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பதினொரு ஆண்டு நட்பில் மிச்சமிருந்தது அந்த இரண்டு ஆண்டு மௌனம் ஒன்றுதான். மௌனத்தை என்றைக்காவது கலைக்கலாம். வாசலில் நின்று கள்ளி என்று சொல்லிவிட்டால், பிறகு கலைப்பதற்கு ஒன்றும் இருக்காது. டிசம்பர் ஓடர்களை விட அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

5

பதிவு அலுவலகத்தின் இலக்கம் நெடுநேரம் கிடைக்கவில்லை. கொழும்பில் மதிய உணவு வேளை. 10.20க்குத்தான் எடுத்தார்கள். முதலில் சிங்களத்தில் ஒருவர், பிறகு ஆங்கிலத்தில் ஒருவர், கடைசியில் தமிழில் ஒரு பெண் வந்தார். பெயர் நஸ்ரினா என்று சொன்னார். நான் எழுதி வைத்திருந்ததை வரிசையாக வாசித்தேன்: பதிவு செய்த மாதம், புதுப்பித்த தடவைகள், என் பிழை, இன்று காலை வந்த பதில்.

மறுமுனையில் விசைகள் தட்டும் ஓசை கேட்டது.

“சேர், நீங்க சொல்ற ரெண்டாவது பேர் ஒருத்தருக்கும் குடுக்கல்ல.”

“அப்ப ஏன் பதிய முடியாதெண்டு வருது?”

“மூடி வெச்சிருக்கு சேர். பாத்தா ஒரே மாதிரி இருக்கிற பேர் ரெண்டு ஆளுக்குப் போகக்கூடாது, களவுக்கு லேசாப் போகுமெண்டு ஒரு விதி இருக்கு. நீங்க முதல் பேர எடுத்த நேரமே மத்தது தானா மூடிப்போகும். வேற ஒருத்தருக்கும் தொறக்க ஏலாது. உங்களுக்கு மட்டும்தான் தொறக்கலாம்.”

“எனக்கு மட்டுமா?”

“உங்கட பேருக்குத்தானே மூடியிருக்கு. நீங்க கேக்கல்ல, நாங்க தொறக்கல்ல.”

“பத்து வருசமா?”

“பத்து வருசமா.” அவர் சிரித்தார். “வெக்கப்படாதீங்க சேர். பழைய டைப் பழகின ஆக்கள் எல்லாரும் இதத்தான் செய்றாங்க. கௌரி, சௌந்தரி, மௌலானா… இந்த மாசம் நீங்க மூணாவது ஆள்.”

நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். குளிர் முகத்தில் அடித்தது, நன்றாக இருந்தது. எங்கோ ஒரு மேசையைச் சுற்றி, எனக்குத் தெரியாத சிலர் உட்கார்ந்து, தமிழ் எழுத்துகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் குறியும் அந்த ளகரமும் ஒன்றுபோல் இருக்கின்றனவே, இதில் எவனாவது தடுக்குவானே என்று யோசித்திருக்கிறார்கள். நான் தடுக்குவதற்கு முன்பே எனக்காக ஒரு கதவைச் சாத்தி, சாவியை என் பெயரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். படிவங்களோடு பாதி ஆயுளைப் போக்கிய நான், ஒரு விதியைப் படைத்தவர்களை மனதார வாழ்த்தியது அன்றைக்குத்தான்.

பிறகு அக்கா நினைவுக்கு வந்தார்.

6

10.38க்கு அழைத்தேன். கொழும்பில் மூன்று மணி தாண்டி எட்டு நிமிடம். வீடியோவில் அக்காவின் முகம் ஆடியது. பின்னால் ஆட்டோவின் சிவப்புத் துணிக்கூரை. காலி வீதியின் ஹோர்ன் ஓசையில் அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

“அக்கா, எங்க நிக்கிறீங்கள்?”

“என்ன? கொள்ளுப்பிட்டி தாண்டிட்டன். கத்தாத, கேக்கேல்ல!”

சுவரிலிருந்த நாட்காட்டியில் போன மாதத் தாளைக் கிழித்தேன். அதன் பின்பக்கத்தில் மெலனியின் தடித்த பேனையால் ‘களவு இல்லை’ என்று எழுதி, கமராவுக்கு நேரே பிடித்தேன். அக்கா உரக்க வாசித்தார். அதற்கு முந்திய மாதத் தாளையும் கிழித்தேன். ‘பெயர் எங்களுடையதுதான். பூட்டி வைத்திருக்கிறார்கள்.’

“ஆர் பூட்டினது? ரஜனியோ?”

அதற்கும் முந்திய மாதமும் போயிற்று. ‘இல்லை! பதிவுக் காரியாலயம். எங்களுக்காகவே. பௌலின் வேறு ஒருவரிடமும் இல்லை.’

பௌலின் என்று எழுதும்போது கை ஒரு கணம் நின்றது. ஒற்றைக் கொம்பு, ப, பின்னால் அந்தச் சுழி. பேனையால் எழுதும்போது அது குறியா ளகரமா என்று கேட்பதற்கு யாரும் இல்லை.

அக்கா மூன்றாவது தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“அப்ப அவள் எடுக்கேல்ல.”

நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

அவர் முன்பக்கம் குனிந்து, ஆட்டோக்காரரிடம், “மல்லி, ஆபஹு யமு” என்றார். திரும்பிப் போவோம் தம்பி என்று சிங்களத்தில். வண்டி வேகம் குறைந்து ஓரம் கட்டுவது தெரிந்தது. அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் கடந்துபோனது. இன்னொன்று.

“இல்ல மல்லி,” என்றார் மறுபடி, “இஸ்ஸரஹட்டம யமு.” நேரே போவோம்.

“ஏன் அக்கா?” என்று கேட்டேன். அவருக்கு அது கேட்கவில்லை. அல்லது கேட்டிருக்கலாம்.

“பாதி வழிக்கு மேல வந்திட்டன், தம்பி. வைக்கிறன்.”

நான் வேலைக்குப் போனேன். மூன்று மாதங்களை இழந்த நாட்காட்டி சுவரில் நவம்பரைக் காட்டிக்கொண்டிருந்தது. பிற்பகல் இடைவேளையில் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. அதை அப்படியே தருகிறேன்: ‘கேக்கத்தான் போனன். கேக் பற்றித்தான் கதைச்சம். பன்னீர் அவள் சொன்ன அளவுதான் சரியாம், இருக்கட்டும்.’

7

பெயரைத் திறப்பதற்கு அடையாள ஆவணம் கேட்டார்கள். அதில்தான் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். பதிவில் நான் எம். ஜெரோம். இலங்கைக் கடவுச்சீட்டில் மரியதாஸ் ஜெரோம். இங்குள்ள அட்டையில், அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, ஜெரோம் மரியதாஸ் என்று புரட்டி வைத்திருக்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் கணக்கெழுதி, கப்பல்களைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்று, ஒரு கப்பலிலும் ஏறாமலே போனவர் அப்பா. இங்கே எனக்கு வரும் கடிதமெல்லாம் அவருக்குத்தான் வருகிறது. முன்னொரு தடவை, இந்த மூன்றும் ஒரே ஆள் என்று இங்குள்ள அலுவலகம் ஒன்றுக்கு விளக்கி முடிப்பதற்குள் ஒரு கோடை போய் மாரியும் வந்துவிட்டது.

நஸ்ரினா மூன்றையும் பார்த்துவிட்டு அழைத்தார்.

“மூணும் ஒரே ஆள்தானே சேர்?”

“ஓம். மூண்டும் நான்தான்.”

“அப்ப அதையே ஒரு கடிதமா எழுதி, கையெழுத்து வெச்சு அனுப்புங்க. போதும்.”

அனுப்பினேன். வியாழக்கிழமை காலை 8.05க்கு, திறந்துவிட்டோம் என்று பதில் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் புதிய பெயரையும் அதே தளத்துக்குத் திருப்பி வைத்தேன். மெலனிக்கு அன்று முதற்பாடம் இல்லை. நானும் அவளும் கணினிக்கு முன் உட்கார, அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து, கேக் மாப் படிந்த சுட்டுவிரலால் தன் பெயரைத் தானே அடித்தார். ஒவ்வொரு எழுத்தையும் எங்களுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தார். கடைசியில் புள்ளி, இலங்கை.

“வந்திட்டுது! தம்பி, என்ட அடுப்பு வந்திட்டுது!”

அன்று மாலைக்குள் ஐந்து ஓடர்கள் வந்தன. ஐந்தும் எழுத்தில், திகதியோடு.

நீலக் கொப்பியில் அக்காவின் முகவரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு மேசையைத் துடைத்த மனைவி அதைப் பார்த்துவிட்டு, “ஒரே பேரை ரெண்டு தரம் எழுதியிருக்கிறீங்கள், ஒண்டை வெட்டுங்கோ” என்றாள். வெட்டவில்லை. இரண்டையும் ஒவ்வொரு நவம்பரிலும் புதுப்பிக்கவேண்டும்.

காலையில் நடந்த ஒன்றை எழுத மறந்துவிட்டேன். அக்கா தன் அடுப்பைப் பார்த்து ஆறியபிறகு, மெலனி திரைக்குக் கிட்டப் போய், உதடு தெரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

“மாமி, நான் உங்களை இவ்வளவு நாளும் பிழையாய்க் கூப்பிட்டனான். உங்களுக்குத் தெரியுமா? பெ-ள-லின் எண்டு.”

“தெரியும். உன்ட வாயைப் பாத்து எப்பவோ கண்டுபிடிச்சிட்டன்.”

“இனி எப்பிடிக் கூப்பிடுறது?”

அக்கா யோசிக்கவே இல்லை.

“அப்பிடியே கூப்பிடு, மகள். ரெண்டும் என்ட பேரிலதானே பதிஞ்சிருக்கு.”